பெரிய மிக்ஸியும் பெரட்டு நேரமும்

1. பங்குனி மாதம் அண்ணி ஒரு நாள் வேலைக்குப் பிந்திப் போனார்.
2. அந்தச் சனிக்கிழமை நான் கோத்தகிரியில் ஒரு மிக்ஸி வாங்கினேன். கடையில் இருந்ததிலேயே விலையும் சக்தியும் கூடியது.
3. ஞாயிறு மதியம் வீட்டு மின்சாரத்தை மீட்டர் வைத்து அளந்தேன். குறை ஒன்றும் இல்லை.
4. திங்கள் காலை அரைத்தேன். ஒரு தேங்காய், இரண்டே நிமிடம்.
5. செவ்வாய் காலை அரைத்தேன். எட்டு வீடுகளிலும் விளக்கு அணைந்தது.
6. அண்ணி இரண்டாம் முறை பிந்திப் போனார்.

அண்ணி பிந்துவது சின்ன விஷயம் இல்லை. இலங்கையில் பதினாறு வயதிலிருந்து தோட்டப் பதிவில் பேர் இருந்தவர் அவர். கப்பலேறி இந்தக் கரைக்கு வந்தபின் கீழ் கோத்தகிரித் தோட்டத்தில் கொழுந்து பறிக்கத் தற்காலிகமாகத்தான் சேர்த்துக்கொண்டார்கள். ஆடி வரை ஒழுங்காக வந்தால் நிரந்தரம். அதற்குள் மூன்று முறை பிந்தினால் பேரை எடுத்துவிடுவார்கள். காலை ஆறே முக்காலுக்கு ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் வாசிப்பதை இங்கே மஸ்டர் என்பார்கள். இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் இன்னும் பெரட்டு என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு முறை ஆகிவிட்டது. மிச்சம் ஒன்று.

முதல் முறை பிந்தியதற்குக் காரணம் அம்மிக்கல். ஒரே கூரைக்குக் கீழே எட்டு வீடுகள் கொண்ட லயம் எங்களுடையது. எட்டுக்கும் சேர்த்துக் குழாயடியில் ஒரே ஓர் அம்மி. கப்பலில் டிரங்குப் பெட்டி வந்தது, தையல் மிஷின் வந்தது. அம்மியை யார் ஏற்றுவார்கள்? ஐந்தரைக்கே வரிசை தொடங்கிவிடும். முந்தின இரவே அரைத்து வைத்தால் மலையில் மதியம் பொட்டலத்தைப் பிரிக்கும்போது தேங்காய் ஊசிப்போயிருக்கும். காலையில் தேங்காயும் மிளகாயும் சேர்த்துச் சம்பல் அரைத்து, ரொட்டியோடு கட்டி, குழந்தையைப் பிள்ளைக்காப்பகத்தில் விட்டுவிட்டு அண்ணி ஓடவேண்டும்.

நான் கோயம்புத்தூரில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டுக் கோத்தகிரியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடையில் வேலை பார்த்தேன். அதனால் மிக்ஸி வாங்கும் பொறுப்பு என்னுடையது. சின்னது ஒன்றும் பெரியது ஒன்றும் இருந்தன. பெரியது என்னுடைய இரண்டு மாதச் சம்பளம். சின்னதன் மோட்டாரைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். உலர்ந்த தேங்காயைப் போட்டால் வருஷத்துக்குள் எங்கள் கடைக்கே வந்து சேரும். பெரியதில் கம்பி தடிமன், ஜாடி ஒன்றரை லிட்டர். காகிதத்தில் இரண்டு பக்கமும் எழுதிக் கூட்டிப் பார்த்துப் பெரியதையே எடுத்தேன்.

"இது என்னா, கல்யாண ஊட்டுக்கா வாங்கியாந்த?" என்றான் அண்ணன்.

"சின்னது தாங்காது."

"நாம தாங்கணுமே."

செவ்வாய் காலை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசையைத் திருப்பினேன். மோட்டார் முனகியது. பிளேடு இரண்டு சுற்றுச் சுற்றித் தேங்காயில் சிக்கி நின்றது. பல்பின் வெளிச்சம் சிவந்து ஒரு புழுவைப் போலச் சுருங்கியது. பிறகு ஃபியூஸ் போய் லயம் முழுக்க இருட்டு. அடுப்பில் பால் வைத்தவர்கள், குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர்கள் என்று ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஃபியூஸ் கட்டையைத் தேடி நான் புதுக் கம்பி போடுவதற்குள் ஆறரை. அண்ணி வெறும் ரொட்டியோடு ஓடியும் பேர் வாசித்து முடிந்திருந்தது.

சாயங்காலம் அண்ணன் ஃபாக்டரியிலிருந்து வந்ததும் சிரிக்கத் தொடங்கியவன் சோறு வைக்கும் வரை நிறுத்தவில்லை. ஃபாக்டரியில் கொழுந்து வாட்டும் பெரிய விசிறிகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை.

"ஞாயித்துக்கெழம அளந்தியா?"

"ஆமா."

"ஞாயித்துக்கெழம எவன் கொழுந்து பறிச்சான்? கொழுந்து இல்லாட்டி திங்கக்கெழம காலையில எந்தக் காத்தாடி ஓடும்?"

எங்கள் லயத்துக்கும் ஃபாக்டரிக்கும் மின்சாரம் ஒரே கம்பியில் வருகிறது. விசிறிகள் ஓடினால் கடைசியில் இருக்கும் எங்களுக்கு வருவது முக்கால் பங்குகூட இல்லை. தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள், தோட்டம் தூங்கும் இரண்டு வேளையைப் பார்த்து அளந்தும் ஓட்டியும் இருக்கிறேன். டிப்ளமோவில் இதற்குப் பாடம் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பாடம் தேவைப்பட்டிருக்கக் கூடாது.

தடித்த ஃபியூஸ் கம்பி போட்டுவிடு என்று பக்கத்து வீட்டில் யோசனை சொன்னார்கள். சுவருக்குள் ஓடும் கம்பி வெள்ளைக்காரன் காலத்தது. ஃபியூஸ் போகாவிட்டால் கூரை போகும். மாட்டேன் என்றேன். மிக்ஸியைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கடைக்காரரும் மாட்டேன் என்றார். தேங்காய் பட்ட ஜாடியாம்.

வழி சொன்னவனும் அண்ணன்தான். ஆறு மணிக்கு ஆள் மாறும்போது விசிறிகளை நிறுத்துவார்கள். வாடிய கொழுந்தைக் கீழே இறக்கி, உருட்டும் மிஷினை ஓட்ட இருபது நிமிடம் ஆகும். நான்கு காலை மீட்டரோடு உட்கார்ந்து குறித்தேன். ஆறு ஐந்திலிருந்து ஆறு இருபது வரை நல்ல மின்சாரம். உருட்டும் மிஷின் தொடங்கியதும் மீட்டர் முள் படுத்துவிடும். பதினைந்து நிமிடம் போதும். ஐந்தாம் நாள் ஆறு பத்துக்குச் சம்பல் தயார். அண்ணி நடந்தே பெரட்டுக்குப் போனார்.

மறுநாள் வாசலில் மூன்று கிண்ணங்கள் இருந்தன. வாரக் கடைசியில் ஏழு. செவ்வாய் எங்களோடு பேசாதவர்களும் கிண்ணம் அனுப்பியிருந்தார்கள். அண்ணி எல்லாரையும் முன்னால் விட்டார். சனிக்கிழமை எங்கள் தேங்காயை ஜாடியில் போட்டபோது மணி ஆறு பத்தொன்பது. பாதியில் மோட்டார் முனகியது. அண்ணி அதைச் சட்டென்று நிறுத்திவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினார். பேர் வாசிக்கும் கங்காணி அடுத்த பேருக்குப் போகுமுன் "இருக்கேன்" என்று சொல்லிவிட்டாராம். அவ்வளவுதான் இடைவெளி.

அன்று மாலை ஒரு கால அட்டவணை எழுதினேன். வீட்டுக்கு இரண்டு நிமிடம், கடைசி வீட்டுக்கு மட்டும் ஒன்று. எங்கள் வீடு முதலில். கதவில் ஒட்டப் போனபோது அண்ணி கையைப் பிடித்தார்.

"ஒட்டாத தங்கச்சி. நாம வந்த அன்னைக்கி அம்மியில மொதல் எடம் நமக்குத்தான் குடுத்தாங்க. இப்ப நான் கதவுல எழுதி ஒட்ட ஏலாது."

"மூணாவது தடவ பிந்துனா?"

"தெரியும்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அட்டவணையை நான் மடித்து வைக்கவில்லை. கடைசி வீட்டு அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். காரமடைப் பக்கத்துக்காரர், பிள்ளைக்காப்பகத்தில் எங்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர். இன்னொரு முறை பிந்தினால் அண்ணியின் பேர் போய்விடும் என்பதைச் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. அண்ணி யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அக்கா காகிதத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, இவ்வளவு பெரிய ஜாடிய வச்சுக்கிட்டு எதுக்குங்க எட்டுத் தடவ கழுவிக்கிட்டு இருக்கறீங்க? எட்டு ஊட்டுத் தேங்காயையும் ஒண்ணாக் கொட்டி அரச்சா ஆகாதுங்களா?"

"ருசி வேற வேறயாச்சேக்கா."

"தேங்காயி, மொளகா, உப்பு. இதுல என்னங்க ருசி? மிச்சத்த அவுங்கவுங்க ஊட்டுல போட்டுக்கட்டும்."

அன்றிரவு சாப்பாட்டுக்கு முன்பே எட்டு வீட்டிலும் பேசி முடித்துவிட்டார். சண்டை மிளகாயின் எண்ணிக்கையில் மட்டும்தான் வந்தது. எங்கள் ஆட்கள் தேங்காய்க்குப் பன்னிரண்டு என்றார்கள்.

"பன்னெண்டு மொளகா போட்டா புள்ளைக தண்ணித் தொட்டியில போயி உக்காந்துக்குமுங்க" என்றார் அக்கா. ஆறில் நின்றது. திங்கள் முதல் தேங்காய் துருவுவது ஒவ்வொரு வீட்டிலும் முன்னதாகவே முடிந்துவிடும். ஆறு ஐந்துக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வருவார். மூன்று ஜாடி, எட்டு நிமிடம். முதல் கரண்டி அண்ணியின் பாத்திரத்தில். அண்ணி வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துச் சம்பலாக்கிக்கொள்வார். அக்கா பொட்டுக்கடலை மாவைக் கலந்து கடுகு தாளித்துச் சட்னி என்பார். இரண்டையும் நான் சாப்பிட்டிருக்கிறேன். அண்ணியுடையதுதான் நன்றாக இருக்கும். அக்கா இதைப் படிக்கமாட்டார்.

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் இப்போதும் கேட்கிறார்கள், அவ்வளவு விலை கொடுத்துப் பெரிய மிக்ஸி வாங்கலாமா என்று. உங்கள் வீட்டில் எத்தனை பேர், உங்கள் கம்பியில் வேறு என்ன ஓடுகிறது, எந்தக் கிழமை அளந்தீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். நான்கு பேருக்கு அது அதிகம்தான். நான் எழுதிக் கூட்டிய கணக்கில் நாங்களும் நான்கு பேர்தான். அந்தக் கணக்கு தப்பு. சின்ன ஜாடியாக இருந்திருந்தால் எட்டு வீட்டுத் தேங்காய் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் அடங்கியிருக்காது.

அதற்குப் பிறகு அண்ணி பிந்தவில்லை. ஆடி முடிவில் அவர் பேர் நிரந்தரப் பதிவேட்டில் ஏறியது, இப்போதும் இருக்கிறது. மிக்ஸி மோட்டாருக்குக் கார்பன் பிரஷ் ஒரு முறையும் ஜாடியின் அடி ரப்பர் இரண்டு முறையும் மாற்றியிருக்கிறேன். லயத்துக்குத் தனிக் கம்பி கேட்டு மனுக் கொடுத்திருக்கிறோம். இன்னும் வரவில்லை.