ரோபோவின் இடது கை

இன்று மாமல்லபுரத்திலிருந்து வந்த பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு கல்லூரி மாணவர்கள் போனில் என் வெப்காமிக்ஸைப் படித்துக்கொண்டிருந்தார்கள். வரைந்தவன் பின்னால் உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது.

“மச்சான், கடைசி கட்டத்துல ரோபோவுக்கு லெஃப்ட் கை இல்ல, பாத்தியா?”

“ஆமாண்டா. ஆளு பெரிய பிளான் வெச்சிகினு கீறான்.”

ஒரு பிளானும் இல்லை. அவசரத்தில் கையை வரைய மறந்துவிட்டேன்.

“அந்தக் கை எங்க போச்சின்னு எனக்குத் தெரியும்” என்றான் முதலில் பேசியவன்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோவளத்தில் இறங்க வேண்டியவன், இறங்காமல் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன்.

முட்டுக்காடு வந்தது. “எறங்கு, நடந்துகினே சொல்றேன்” என்று அவன் எழுந்துவிட்டான். பின்னாலேயே போக வெட்கமாக இருந்தது.

நாளை அடுத்த எபிசோடு போட வேண்டும். தம்பிகளா, இதைப் பார்த்தால் கமென்ட்டில் சொல்லுங்கள். கை எங்கே?