செய்தியில் வந்த விரல்

"உங்கள் கணினிக்குள் ஒரு திருடன்! அதிர்ச்சித் தகவல்!"

கூடத்துத் தொலைக்காட்சியின் அலறல் உள்ளறைவரை வந்து விழுந்தது. ஸ்ரீனிவாசராகவன் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த லேப்டாப்பைக் கழற்றி வைத்திருந்த இக்னேஷியஸ் நிமிரவில்லை.

"என்னங்க, மறுபடியும் உங்களத்தான் போடுறான்!" மனைவி ஐரின் கத்தினாள்.

"எனக்குத் தெரியாத மூஞ்சியா? விடு."

"மூஞ்சி எங்க தெரியுது? கைதான் தெரியுது."

அதுதான் வினை. பதினொரு வருடத்துக்கு முன்பு அவர் ஒரு செய்திச் சேனலில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். ஹேக்கர் செய்திக்குக் காட்டப் படமில்லை என்று கேமராமேன் தவித்தபோது, மழைக்கோட்டின் தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு இருட்டில் பத்து நிமிடம் தட்டிக் காட்டினார். ஒரு டீ, இரண்டு வாழைக்காய் பஜ்ஜி. பிறகு ஆட்குறைப்பில் வேலை போனது. படம் போகவில்லை. எவன் எந்தக் கணினிக்குள் புகுந்தாலும் திரையில் புகுவது இக்னேஷியஸ்தான். பழைய படம் என்பதற்கு மூலையில் 'கோப்புக் காட்சி' என்று எறும்பு அளவில் எழுதியிருக்கும். யார் படிக்கிறார்கள்? பாதி போன இடது ஆள்காட்டி விரலைத்தான் பார்க்கிறார்கள். வீடு வீடாகப் போய் வேலை செய்கிறவரின் விரல் யாருக்குத் தெரியாது? படத்தை எடுத்துவிடச் சொல்லிச் சேனலில் நான்கு முறை கேட்டார். "வேற விஷுவல் இல்ல சார்."

மந்தைவெளியில் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பிறகு ஆழ்வார்பேட்டையில். இன்னும் நம்புகிற ஒரே வீடு, தெற்கு மாட வீதி ஸ்ரீனிவாசராகவனின் வீடு.

அரை மணி நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. அவரேதான்.

"நீங்க அப்படிப்பட்டவர் இல்லேன்னு நேக்குத் தெரியும்." பெரியவர் கூசினார். "ஆனா ஆத்துல மாட்டுப்பொண் நியூஸைப் பார்த்துட்டு ஒரே ரகளை. இப்பவே எடுத்துண்டு வரணும்கறா."

"அஞ்சு நிமிஷம் சார், மூடித் தந்துடறேன்."

"பாஸ்வேர்டையும் மாத்தணுமாம். நேக்கு அதெல்லாம் வராது. நீங்களே சொல்லிக் குடுங்கோளேன்."

தன்னை வெளியே நிறுத்தும் பூட்டுக்குத் தானே சாவி செய்து தர வேண்டுமா? லேப்டாப்பை மூடி முடுக்கி, எங்கே தட்ட வேண்டும் என்று காட்டிவிட்டு, இக்னேஷியஸ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"எஸ்... ஆர்... இந்த ஐ எங்க போச்சு?"

"வாய்விட்டுச் சொல்லாதீங்க சார்!"

"சொல்லாம எப்படித் தேடறது?"

இக்னேஷியஸ் சமையலறைக்குள் போனார். "ஐரின், மிக்ஸியப் போடு."

"அரைக்க ஒண்ணும் இல்லியே."

"சும்மாவாவது போடு."

போட்டாள். காலி மிக்ஸி இரைந்துகொண்டிருந்த அந்த நேரம் முழுக்க அவள் கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இருவரும் அழுதிருப்பார்கள்.

பெரியவர் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். "அடுத்த தடவை ஏதாவது ரிப்பேர்னா..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் படி இறங்கினார்.

ஐரின் கதவைச் சாத்தினாள்.