நாக்கில் படாத உப்பு

வெள்ளைத் துரைமார் காலத்தில், மாத்தளை நகருக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் யான் மருந்தாளராகப் பணியாற்றினேன்; தோட்டத்தார்க்கு யானே 'டாக்டர்'. உடலின் நீரையும் உப்பையும் பற்றிப் பயிலும் செவிலிய மாணவியர் இந்நிகழ்ச்சியை அறிந்திருத்தல் நலம்.

மாசிமகத் தேருக்கு முந்திய வாரம். தொழிற்சாலையில் கொழுந்து உலர்த்தும் அடுப்புக்கு விறகிடும் மருதையை நால்வர் தூக்கிவந்து மருந்தகத்தில் கிடத்தினர். கெண்டைக்கால்களும் வயிற்றுத் தசைகளும் கட்டையாய் இறுகியிருந்தன. பேச்சும் குழறிற்று.

"தண்ணி போட்டிருக்கான் டாக்டர்," என்றார் உடன்வந்த, தொழிற்சாலையை மேற்பார்க்கும் டீமேக்கர்.

"ஆமாங்க, போட்டாரு. வாளி வாளியா, பீலியில ஒழுகுற பச்சத் தண்ணி," என்று வெடுக்கென்றாள் மனைவி செல்லம்மா.

சாராய வாடை இல்லை. உண்ட உணவைப் பற்றி வினவினேன்.

"உப்பில்லாச் சோறுங்க. புள்ளைக்கு அம்மை போட்டப்ப நேந்துக்கிட்டாரு. தேர் பாக்குற வரைக்கும் உப்ப நாக்குல வைக்க மாட்டாரு."

எனக்கு விளங்கிவிட்டது. அடுப்பின் அனலில் வியர்வையோடு உப்பும் வெளியேறியது. திரும்ப வந்ததோ நீர் மட்டுமே. குடிக்கக் குடிக்கக் குருதியில் எஞ்சிய உப்பும் நீர்த்துப் போயிற்று. அவனது சிறுநீரில் சில்வர் நைட்ரேட் சில துளி விட்டுப் பார்த்தேன். உப்பிருந்தால் தயிர்போல் வெண்மை திரளும். அது தெளிவாகவே நின்றது.

உப்பிட்ட கஞ்சியை நீட்டினேன். மருதை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வேணாங்க டாக்டரய்யா. இப்பத்தான் புள்ள எந்திரிச்சு நடக்குது. அம்மா புள்ளயத் திருப்பிக் கேட்டுட்டா?"

"மூக்கப் புடிச்சு ஊத்துங்க!" என்றார் டீமேக்கர்.

யான் இசையவில்லை. குழறும் நிலையிலுள்ளவனுக்கு வலிந்து ஊற்றினால் புரையேறும். அன்றியும், மகளைக் காக்கும் நோன்பை உடைப்பது எம் தொழிலன்று. ஆயினும் தாமதித்தால் வலிப்பு வரக்கூடும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கோயில் பூசாரியை அழைப்பித்து, ஊசிவழி உப்புநீர் ஏற்றலாமா என்று கேட்டேன்.

"எங்கிட்டு ஏத்துவீங்க?"

"தொடைத் தோலின் கீழே."

"நாக்குல படுமா?"

"படாது."

"அப்பொறம் என்னாங்க? நாக்கத்தான் கட்டுனான், தொடையவா கட்டுனான்?"

"பூசாரி, பாவம் வந்தா ஒங்களுக்குத்தான்," என்று முனகினான் மருதை.

"ஏற்கனவே நெறையக் கெடக்கு, இதையும் சேத்துக்கிறேன். காலக் காட்டுடா!"

காய்ச்சி வடித்த நீரில் உப்பை நிறுத்துப் போட்டு, வடிகட்டி, மீண்டும் கொதிக்கவைத்து ஆற்றினேன். இறப்பர்க் குழாயையும் ஊசியையும் அவ்வாறே தூய்மை செய்தேன். அத்தோட்டத்தில் அதற்குமுன் எவரும் செய்திராத செயல் அது. மெல்ல மெல்ல ஏற்றினேன். பொழுது சாயுமுன் தசைகள் தளர்ந்தன, பேச்சுத் தெளிந்தது. மறுநாட் சிறுநீர்ச் சோதனையில் கண்ணாடிக் குழாய்க்குள் வெண்மை திரண்டது. என் பணிக்காலத்தில் அதனினும் அழகிய நிறத்தை யான் கண்டதில்லை.

தேர்நாள்வரை அவனை அடுப்பிலிருந்து விலக்கிக் கொழுந்து வாட்டும் மேல்மாடிக்கு அனுப்புமாறு வேண்டினேன். டீமேக்கர் மறுக்கவில்லை. பின்னாளில் உப்பில்லா நோன்பிருந்த எவரையும் அவர் அனலருகே விட்டதுமில்லை.

நோயாளி என்ன குடித்தார் என்பதோடு நின்றுவிடாதீர்கள். எதை உண்ணாது விட்டார், உடலிலிருந்து எது வெளியேறிற்று என்பவற்றையும் கேளுங்கள். விடை அங்கிருக்கும்.

தேர் இழுத்த கையோடு, மகளைத் தோளில் சுமந்து மருதை மருந்தகத்துக்கு வந்தான். உப்புநீர் தயாரித்த உப்புப் போத்தலைக் கேட்டு வாங்கி, ஒரு சிட்டிகை எடுத்து நாவிலிட்டான்.

"இதுதாங்களா தொடைக்குள்ள போனது?"

"இதுவேதான்."

"நம்ம கடை உப்பு மாதிரித்தான் இருக்குங்க," என்று சிரித்து, மகளின் நாவிலும் ஒரு துளி உப்பு வைத்தான்.