விஜயராணி பேரில் ஒரு வீடு

பலராமன் பொய் சொல்கிற ஆள் இல்லை. பொய் சொல்ல முதலில் பேச வேண்டும். அவர் பேசுகிற ஆளே இல்லை. பாகூருக்குத் தெற்கே, ஆற்றை ஒட்டிய தெருவில் ஐம்பது வருடமாக இருக்கிறார். அவர் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. வேலை அப்படி. அரங்கநாதன் என்பவரின் நிலத்துக்கு மோட்டார் போடுவதும் மடை மாற்றிவிடுவதும்தான் இருபது வருடமாக அவர் பிழைப்பு. த்ரீ ஃபேஸ் கரண்ட் இஷ்டத்துக்கு வரும், இஷ்டத்துக்குப் போகும். வரும்போது ஆள் அங்கே இருக்க வேண்டும். அதனால் படுக்கையும் சோறும் மோட்டார் கொட்டகையிலேயே.

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து இரண்டு நாள் கழித்துத் தென்பெண்ணையில் வந்த தண்ணீர் தெருவுக்குள் புகுந்தது. பலராமனின் மண்சுவர் வீடு டீயில் முக்கிய ரொட்டிபோல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அவர் பார்க்கவில்லை. அப்போதும் கொட்டகையில்தான் இருந்தார், மோட்டாரை மேட்டுக்கு இழுத்துக்கொண்டு.

பொங்கல் கழிந்து, வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டிக்கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து தேவி என்ற பெண் கணக்கெடுக்க வந்தாள். கையில் போன், தோளில் பை, செருப்பெல்லாம் சேறு.

"அண்ணே, வூட்ல எத்தினி பேரு?"

"ரெண்டு பேரு."

ஒன்று என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். தெருவே நின்று வேடிக்கை பார்க்கும்போது, இடிந்த வீட்டின் முன்னால் நின்றுகொண்டு 'நான் ஒருத்தன்தான்' என்று ஒரு பெண்பிள்ளையிடம் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"அக்கா பேரு?"

"விஜயராணி."

"எங்க அவங்க?"

"வேலைக்குப் போயிருக்குது."

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. அவர் மனைவி விஜயராணி வேலைக்குத்தான் போயிருந்தாள். திருக்கனூருக்கு, எட்டு வருடத்துக்கு முன்னால். பக்கத்து வீட்டு செல்லக்கண்ணு ஒருமுறை இருமினான். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

அதன் பிறகுதான் விதி என்னவென்று தெரிந்தது. இந்த முறை குடும்பங்களுக்கு மட்டும்தான் வீடு. ஒண்டி ஆட்களை அடுத்த வருடம் பார்ப்பார்கள். வீடு பெண் பேரில்தான் பதிவாகும். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் கடைக்கால் தோண்டியாகிவிட்டது. நாலு மாதத்தில் மூன்றடி உயர மேடையின் மேல் ஹாலோ பிளாக் சுவரெழும்பி, கான்கிரீட் கூரை போட்டு, ஒரு வீடு நின்றது. வாசலுக்கு மேல் பெயிண்டில் 'விஜயராணி' என்று எழுதிவிட்டும் போனார்கள்.

ஒரு திங்கட்கிழமை தேவி போன் செய்தாள். "அண்ணே, வெள்ளிக்கெழம சாவி. அக்கா வந்து கையெழுத்துப் போடணும், போட்டோ எடுக்கணும். அவங்க இல்லன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போயிடும். நான் எத்தினி வாட்டி வந்தாலும் அக்கா வேலைக்கே போயிருக்காங்களே, நாயித்துக்கெழமகூட லீவு இல்லியா?"

மறுநாள் பாண்டிச்சேரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து திருக்கனூருக்கு ஒரு பஸ். வில்லியனூரில் உட்கார இடம் கிடைத்தும் பலராமன் நின்றுகொண்டே போனார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை உடைக்கிற மில்லின் கேட்டில் நின்று விஜயராணி பெயரைச் சொன்னதும் உள்ளிருந்து சின்னபொண்ணு என்பவள்தான் முதலில் எட்டிப்பார்த்தாள்.

"அக்கா, யாரோ ஒரு ஆளு. மல்லாட்ட வாங்க வந்தாரா, உன்னிய வாங்க வந்தாரா தெரியல!"

விஜயராணி தலைமுழுக்கத் தூசியோடு வெளியே வந்தாள். முன்நெற்றி நரைத்திருந்தது, அல்லது அதுவும் மல்லாட்டைத் தூசியாக இருக்கலாம்.

"யாரு செத்தாங்க?" என்றாள்.

"யாரும் சாவல."

"பின்ன இன்னாத்துக்கு வந்த?"

நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். அவருக்கு அதுவே ஜாஸ்தி. அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"எட்டு வருசத்துல ஒரு போன் பண்ணல. இப்ப போட்டோவுக்கு நிக்க ஆள் வேணும்?"

"ஒரு நாளு."

"குடிச்சிட்டு அடிச்சிருந்தாகூட ஊருல சொல்ல ஒரு காரணம் இருந்திருக்கும்யா. புருசன் கொட்டாய்ல கெடக்கறான், நான் வூட்ல ஒண்டியா செவத்தப் பாத்துனு கெடக்கறேன்னு சொன்னா எவ ஒத்துக்கினா?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வரேன். போட்டோவுக்குத்தான்."

வெள்ளிக்கிழமை சொன்னபடி வந்தாள். தெருவில் யாருக்கும் அவளிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. 'இளைச்சிட்டியே' என்று இரண்டு பேர் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டாள். வாசலில் இருவரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தவன், "அண்ணே, கொஞ்சம் ஒட்டி நில்லுங்க. நடுவுல இன்னொரு குடும்பம் நிக்கலாம் போல கீது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவர் அரை அடி நகர்ந்தார்.

தேவி சாவியை விஜயராணியின் கையில் கொடுத்தாள். "கிச்சன பாருங்கக்கா. எல்லா வூட்லயும் மேடை ஒரே உயரம். அண்ணன் மட்டும் மேஸ்திரியாண்ட மல்லுக்கட்டி நாலு அங்குலம் கொறச்சி வச்சிருக்காரு. நீங்க குள்ளமாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

உள்ளே இருவர் மட்டும் நின்றார்கள். விஜயராணி மேடையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"இன்னும் கொட்டாய்லதான் படுக்கறியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இனிமேல் இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டு பேர் என்று சொன்ன அதே வாய்தான். ஆனால் தேவியிடம் வந்தது இவளிடம் வரவில்லை.

"கரண்ட்டு எப்ப வரும்னு தெரியாதில்ல" என்றார்.

விஜயராணி தலையாட்டினாள். கோபமாகத் தெரியவில்லை. சாவியை மேடையின் மேல் வைத்தாள்.

"ஒண்ணு நீ வச்சிக்க. மூணு கீது" என்றார் பலராமன்.

"வாணாம்யா. தொலைச்சிடுவேன்."

பஸ் நிறுத்தம்வரை அவள் முன்னாலும் அவர் பத்தடி பின்னாலுமாகப் போனார்கள். பஸ்ஸில் ஏறியவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, "கதவுக்கு எண்ண போடு, கிறீச்சுங்குது" என்றாள். அவ்வளவுதான்.

திரும்பி வந்த பலராமன் வீட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனார். பெயிண்ட் வாசனை. சுவிட்சைப் போட்டார், லைட் எரிந்தது. அணைத்தார். தரையில் உட்கார்ந்தார், சுவரில் சாய்ந்தார், எழுந்து ஜன்னலைத் திறந்து மறுபடி மூடினார். ஒரு வீட்டுக்குள் பகலில் மனிதர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

போன் அடித்தது. அரங்கநாதன்.

"இன்னாப்பா, கரண்ட்டு வந்து அரை மணி ஆவுது. எங்க கீற?"

"இதோ வரேங்க."

செருப்பை மாட்டும்போதுதான் தனக்குள் என்னவோ லேசாவது தெரிந்தது. கூப்பிட ஒரு ஆள் இருக்கிறாரே என்ற நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது. வாசலுக்கு மேல் எழுதியிருந்ததை நிமிர்ந்து பார்க்காமல் கதவைப் பூட்டிவிட்டு, வரப்பில் இறங்கி வேகமாக நடந்தார்.