சாக்கு வேண்டும், அரிசி வேண்டாம்

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் நான் திருகோணமலைத் துறைமுகத்தில் அரிசி மூட்டை இறக்கினேன். கப்பல்கள் கரைக்கு வரா, தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். வத்தை என்று நாங்கள் சொல்லும் அகன்ற படகைக் கப்பலோடு அணைத்துக் கட்டி, மேலிருந்து இறங்கும் மூட்டைகளை அடுக்கிக் கரை சேர்க்க வேண்டும். பகல் முழுக்க என் முதுகில் அரிசி. வீட்டில் கோதுமை மா ரொட்டி. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

பர்மா அரிசி நின்றுபோன காலம் அது. எங்கள் கூப்பன் கடையில் மாவும் குரக்கன் என்கிற கேழ்வரகும்தான் கிடைத்தன. நாங்கள் இறக்கியதெல்லாம் படைக்குப் போனது. ரொட்டி தின்ன நான் பழகிவிட்டேன். மகளுக்குச் சோறு தீத்துவதுதான் பெரும் பாடாகிவிட்டது. பெண் பிள்ளைக்கு ஒற்றைப்படை மாதத்தில்தான் முதற்சோறு ஊட்டுவோம். ஐந்தாம் மாதம் அரிசியில்லாமல் தவறிவிட்டது. ஏழாம் மாதத்துக்கு நாளும் பார்த்தாயிற்று. "ஒரு பிடி அரிசிதானே, நான் கொண்டு வாறன்" என்று மனைவியிடம் வாயை விட்டிருந்தேன். அரிசிக்குள்ளேயே கிடக்கிறவன் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

களவெடுக்க வழியில்லை. வாசலில் காவற்காரன் தலைப்பாகையைக்கூட அவிழ்த்து உதறுவான். ஆகவே முறையாகக் கேட்டேன். கங்காணி, கிளாக்கரைக் கேள் என்றார். கிளாக்கர், துரையைக் கேள் என்றார். துரைக்கு என் பேச்சு எவ்வளவு விளங்கியதோ தெரியாது, சிரித்துத் தலையாட்டினார். நான் ஓடிவந்து சொன்னேன்.

"எழுத்திலை தந்தவரோ?" என்றார் கிளாக்கர்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சும்மா சொன்ன சொல்லல்ல. அன்று வீட்டுக்குப் போய், "கேட்டுப் பாத்திட்டன், ஏலாதாம்" என்றேன். மனைவி ரொட்டிக்கு மாக் குழைக்கப் போனாள். அதுதான் என்னை அதிகம் சுட்டது.

சோறு தீத்துவதற்கு முதல் நாள், கப்பலின் அடித்தட்டு மூட்டைகள் கடல்நீரில் நனைந்திருப்பது தெரியவந்தது. அரிசி கெடவில்லை, ஈரம் மட்டுந்தான். ஆனால் மேலிடத்து உத்தரவு வேறு. அரிசியைக் கடலில் கொட்டு, சாக்கைப் பத்திரமாகக் கொண்டு வா. ஊரில் சாக்குக்குத் தட்டுப்பாடாம்.

"அண்ணை, கொட்டத்தானே போறம். ஒரு பிடி எடுக்கட்டோ?" என்று கங்காணியைக் கேட்டேன்.

"கொட்டச் சொன்னவங்கள், எடுக்கச் சொல்லேல்லை. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு தம்பி. என்ரை வேலைக்கு உலை வைச்சிடாதை."

ஆழ்கடலில் கொட்டத் துறைமுக வாயைத் தாண்டிப் போக அனுமதி வாங்க வேண்டும். அதற்கு யார் அலைவது? மீன்பிடிக் குடிசைகளுக்கு முன்னால், ஆழமில்லாத இடத்திலேயே வத்தையை நிறுத்தினார்கள். தையலைப் பிரித்து மூட்டை மூட்டையாகக் கவிழ்த்தோம். என் கையாலேயே கவிழ்த்தேன். கோபத்தில் இழுத்த இழுவையில் ஒரு சாக்குக் கிழிந்தது. அதற்குக் கிளாக்கர் என்னை நாய் பேச்சுப் பேசினார். அவ்வளவு அரிசி போனதற்கு அவர் வாய் திறக்கவில்லை. வாசலில் காவற்காரன் வழக்கம்போல என் தலைப்பாகையை உதறினான்.

வெறுங்கையோடு வீட்டுக்குப் போக மனம் வராமல் சந்தியில் வெகுநேரம் நின்றேன். ஒருவழியாக உள்ளே போனால், குசினியில் மனைவி இடுப்புவரை நனைந்த சேலையோடு குந்தியிருந்தாள். அடுப்படியில் விரித்த துணியில் அரிசி கிடந்தது. கரையில் இருந்த பெண்களெல்லாம் கடகப் பெட்டியும் சுளகுமாகத் தண்ணீரில் இறங்கி, நாங்கள் கொட்டியதை அள்ளினார்களாம். கேள்விப்பட்டு இவளும் போயிருக்கிறாள். கிணற்று நீரில் பலமுறை கழுவியும் உப்பு முழுக்கப் போகவில்லை.

மறுநாள் அந்த அரிசியில்தான் சோறு ஆக்கினாள். நான் மகளை மடியில் வைத்து, நாலு பருக்கையைக் குழைத்து அவள் வாயில் வைத்தேன். குழந்தை முகத்தைச் சுளித்தது.

மனைவி என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "கப்பலிலை இருக்கேக்கை ஒரு பிடி கொண்டு வர ஏலாதெண்டனீங்கள். கடலிலை கொட்டினாப்பிறகு நான் ஒரு கடகம் கொண்டு வந்தனான்."

நான் இன்னும் நாலு பருக்கையைக் குழைத்தேன். மகள் மறுபடியும் வாயைத் திறந்தாள்.