ஐஸ் வாளியில் ஒரு கை

காசிமேட்டு மீன் ஏலக்கூடத்துக்கு வெளியே தேநீர் குடித்தபடி நிற்கிறேன். பக்கத்தில் மீன் விற்கும் அம்மா ஒருவர், பக்கவாதத்தால் மரத்துப்போன தன் கணவரின் வலக்கையை வெந்நீர் வாளியிலும் மீனுக்கான ஐஸ் வாளியிலும் மாற்றி மாற்றி வைக்கிறார். வெந்நீரின் சூட்டை ஒவ்வொரு முறையும் தன் முழங்கையை விட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

"கையில் உணர்ச்சி வந்திருக்காம்மா?" என்று கேட்கிறேன்.

"இன்னா வந்துது? ஆஸ்பத்திரில சொன்னாங்கன்னு ரெண்டு மாசமா வச்சிகினு கீறேன். கட்டையாட்டம் கீது."

கை மறுபடி ஐஸுக்குள் போகிறது. கணவர் வெடுக்கென்று இழுக்கிறார்.

"இன்னாமே, இப்டி சில்லுன்னு கீது!"

அந்த அம்மா கையைப் பிடித்து மறுபடி ஐஸில் அமுக்குகிறார். கணவர் உரக்கத் திட்டுகிறார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஐஸ் அள்ளிப் போடுகிறார்.