சாகாத ஆளுக்கு வக்கீல்

எங்கள் ஊர் அடி அண்ணாமலைக்கு விடியல் கொஞ்சம் லேட்டுதான். கிழக்கே மலை நிற்கிறதே, சூரியன் அதன் மேல் ஏறித்தானே வர வேண்டும்! அந்த மலை நிழலில், பம்புசெட் தொட்டி மேல் உட்கார்ந்து, சட்டக் கல்லூரிப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு கனவு கண்டுகொண்டிருந்தேன். எழுபதுகளின் கடைசி. இறுதி ஆண்டுக்கு ஒரு விருப்பப் பாடம் எடுக்க வேண்டும். சொத்துரிமைச் சட்டமா, கம்பெனிச் சட்டமா?

நைனாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், இதில் சந்தேகமே இல்லை. மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, விளையும் எங்கள் கொல்லை நிலத்தைக் கேட்டுப் பங்காளிகள் கேஸ் போட்டு ஏழு வருஷம். மகள் கறுப்புக் கோட்டு போட்டு வந்து ஜெயிப்பாள் என்றுதான் என்னைப் பட்டணத்துக்கே அனுப்பினார். எனக்கோ கம்பெனிச் சட்டத்தின் மேல் பித்து. நாலு பேர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் இல்லாத ஒரு ஆள் பிறந்துவிடுகிறான் என்று வகுப்பில் கேட்ட நாளிலிருந்து தூக்கத்திலும் அதே நினைப்பு.

மடை திருப்பிவிட்டு வந்த நைனா, "இன்னாம்மா அது, கம்பெனி?" என்றார்.

"நம்ம கோயில் சாமி மாதிரி நைனா. சாமி பேர்ல நெலம் இருக்குல்ல? சாமி பேர்லயே கேஸ் போடறாங்கல்ல? கம்பெனியும் சட்டத்துக்கு ஒரு ஆளுதான். ஆரம்பிச்சவங்க செத்தாலும் அது சாகாது."

அவர் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமிக்குப் பங்காளி கெடயாது. நமக்கு இருக்கானுங்களே."

என் அடம் துளியும் குறையவில்லை. கம்பெனிச் சட்டத்துக்கு எதிரே டிக் அடித்துவிட்டேன்.

நைனாவே படிவத்தை டவுனுக்கு எடுத்துப் போய்த் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார். கோபமே இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"சாகாத ஆளுக்கு வக்கீலாப் போறே. போம்மா. சாகற ஆளு நான், வேற வக்கீல் பாத்துக்கறேன்."

எண்பதுகளில் சென்னையில் கம்பெனிகளுக்கு வேலை பார்த்தேன். ஆசையாகத்தான் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். நைனா போன மறுவருஷம், திருவண்ணாமலை கோர்ட்டிலிருந்து ஆபீசுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. கொல்லை கேஸ் இன்னும் முடியவில்லையாம். இறந்தவர் இடத்தில் வாரிசு என்று என் பெயரைச் சேர்த்திருந்தார்கள். நைனாவின் கேஸில் என் பெயர் ஏறியேவிட்டது, வக்கீல் என்ற இடத்தில் மட்டும் இல்லை. யார் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் ஓவென்று அழுதேன்.